பாதைதான் விளைபொருள்: ஒரு கம்பைலர் பூட்ஸ்ட்ராப் திட்டத்தை ஒருங்கிணைத்த அனுபவம்

நிதி கேட்டு அனுப்பிய விண்ணப்பத்துக்கு வந்த முதல் கேள்வியே என்னை மூன்று நாள் உட்கார வைத்துவிட்டது. "திட்டம் முடியும் நாளில், இன்றைக்கு இல்லாத எது கையில் இருக்கும்?" என்று கேட்டிருந்தார்கள்.

நேர்மையாகச் சொன்னால், புதிய நிரல் எதுவும் இருக்காது. ரிஸ்க்-ஃபைவ் என்ற செயலி வகையைக் கொண்ட கணினியில், ஜிசிசி என்ற கம்பைலரை (மனிதர் எழுதும் மூலநிரலைக் கணினி ஓட்டும் கட்டளைகளாக மாற்றும் நிரலை) உருவாக்கும் சங்கிலியில் சில கணுக்களைப் பொருத்துவதுதான் எங்கள் வேலை. ஜிசிசி ஏற்கெனவே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் ஒரே கட்டளையில் இறக்கிக்கொள்ளலாம். நாங்கள் வெற்றி பெற்றால் கிடைப்பதும் அதே ஜிசிசிதான். வேகம் கூடாது, புதிய வசதி வராது. அது எங்கிருந்து வந்தது என்பதை முதல் பைட்டிலிருந்து காட்ட முடியும், அவ்வளவே. நான்காவது நாள் அதையே பதிலாக எழுதினேன்: எங்கள் திட்டத்தில் பாதைதான் விளைபொருள். நிதி கிடைத்தது. அந்த வரி எவ்வளவு உண்மை என்பது எனக்கே பிறகுதான் உறைத்தது. ஒருங்கிணைப்பில் நான் செய்த பெரிய தவறுகள் எல்லாம் அதை மறந்த நேரங்களில் நடந்தவை.

சிக்கலைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு கம்பைலரைக் கம்பைல் செய்ய இன்னொரு கம்பைலர் வேண்டும். அதற்கு அதற்கு முந்தையது. இப்படிப் பின்னோக்கிப் போனால், எங்கோ ஓரிடத்தில் "யாரோ கொடுத்த பைனரி" என்று சொல்லி நின்றுவிடுகிறோம். கணினி நேராக ஓட்டும் அந்த பைனரிக் கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று மூலநிரலைப் படித்துக் கண்டுபிடிக்க முடியாது. யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் தம் டூரிங் விருது உரையில் இதைத்தான் காட்டினார். 1984 ஆகஸ்டில் அது அச்சானது. மூலநிரலில் தடயமே இல்லாமல், கம்பைலர் தன்னைத்தானே மறுபடி கம்பைல் செய்யும் ஒவ்வொரு முறையும் ஒரு பின்வாசலைக் கடத்திக்கொண்டே போக முடியும் என்றார். இது வெறும் கற்பனை என்று நினைப்பவர்களுக்கு நான் 2009-ஐ நினைவூட்டுவேன். இன்டக் என்ற வைரஸ் டெல்ஃபை என்ற நிரலாக்கக் கருவி நிறுவப்பட்ட கணினிகளில் நுழைந்து, அங்கே கம்பைல் ஆகும் நிரல்களுக்குள் எல்லாம் தன்னைச் சேர்த்துக்கொண்டது. நிரல் எழுதியவர்களுக்குத் தாங்கள் வைரஸைப் பரப்புவதே தெரியாது.

இதற்கு மருந்து, நம்பிக்கையை ஒரு மனிதர் உட்கார்ந்து படிக்கக்கூடிய அளவுக்குச் சுருக்குவது. அந்தச் சிறு தொடக்கத்திலிருந்து படிப்படியாக மேலே கட்டிவருவதைத்தான் பூட்ஸ்ட்ராப் என்கிறோம். கீக்ஸ் என்ற லினக்ஸ் வழங்கல் ஒரு காலத்தில் சுமார் 250 மெகாபைட் விதை பைனரிகளிலிருந்து தொடங்கியது. 2023-இல் அதை 357 பைட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஹெக்ஸ்0 என்ற அந்தச் சிறு நிரலுக்குத் தெரிந்த ஒரே வேலை, பதினாறடிமான எண்களைப் பைட்டுகளாக மாற்றுவது. அதிலிருந்து கொஞ்சம் பெரிய அசெம்பிளர், அதிலிருந்து எளிய சி கம்பைலர், பிறகு ஜிஎன்யூ மெஸ், பிறகு டைனிசிசி (இரண்டும் அடுத்தடுத்த சிறு சி கம்பைலர்கள்), பிறகு பழைய ஜிசிசி, கடைசியில் இன்றைய ஜிசிசி. வழக்கமான இன்டெல் வகைக் கணினிகளின் எக்ஸ்86 செயலிகளுக்கு இந்தப் பாதையைப் போட்டவர்கள்மேல் எனக்கு இருப்பது வெறும் மரியாதை இல்லை, பக்தி என்றே சொல்லலாம்.

ரிஸ்க்-ஃபைவில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஜிசிசி 4.7 வரைதான் சி கம்பைலரை மட்டும் வைத்து உருவாக்கலாம். 4.8 முதல் சி++ கம்பைலர் வேண்டும். ரிஸ்க்-ஃபைவ் ஆதரவோ 2017-இல் வந்த ஜிசிசி 7-இல்தான் சேர்ந்தது. ஆக, நம்மால் கட்டக்கூடிய ஜிசிசிக்கு இந்தச் செயலி தெரியாது. இந்தச் செயலி தெரிந்த ஜிசிசியை நம்மால் கட்ட முடியாது. புதிய ஆதரவைப் பழைய பதிப்புக்குப் பின்னோக்கி எடுத்துவந்து பள்ளத்தை அடைக்க வேண்டும். பல குழுக்கள் பல கணுக்களில் உழைத்துக்கொண்டிருந்தன. எங்களுக்கு நடுவில் ஒரு பகுதி: சிறிய சி கம்பைலர், சி நூலகம் (நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் செயற்கூறுகளின் தொகுப்பு), பழைய ஜிசிசி ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பேசவேண்டிய இடம். நாங்கள் ஐந்து பேர். ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை.

முதல் தவறு, மைல்கற்களைச் சங்கிலியின் வரிசையிலேயே எழுதியது. சிறிய கம்பைலர் முடியட்டும், பிறகு நூலகம், பிறகு ஜிசிசி. தாளில் பார்க்க அழகாக இருந்தது. நடைமுறையில் ஆறு வாரம் ஒருவர் வேலை செய்தார், நான்கு பேர் காத்திருந்தார்கள். காத்திருப்பு மனிதர்களைக் கெடுக்கும். வேலை இல்லாதவர்கள் வேலை செய்பவரின் கமிட்டுகளை (சேர்த்த நிரல் மாற்றங்களை) வரிக்கு வரி விமர்சிக்கத் தொடங்கினார்கள். நல்ல நோக்கத்தில்தான். ஆனால் அவர் ஒருநாள் எனக்குத் தனியாக எழுதினார்: "நான்கு மேற்பார்வையாளர்களுக்குக் கீழே ஒரே தொழிலாளியாக இருக்க என்னால் முடியாது."

அன்றைக்கே திட்டத்தைக் கலைத்துப் போட்டேன். ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு மாற்றாளை வைத்தோம். சிறிய கம்பைலர் இன்னும் தயாராகவில்லையா? அதன் இடத்தில் எக்ஸ்86 கணினியில் ஓடி ரிஸ்க்-ஃபைவுக்கான நிரலை உருவாக்கும் நவீன கிராஸ் கம்பைலர் நிற்கட்டும். பழைய ஜிசிசியில் வேலை செய்பவர் அதை வைத்து இன்றைக்கே தொடங்கலாம். நூலகக்காரரும் அப்படியே. சங்கிலியைக் கட்டுவது அடியிலிருந்துதான் என்றாலும், வேலையை நடுவிலிருந்தும் மேலிருந்தும் ஒரே நேரத்தில் தொடங்கலாம். கடைசியில் மாற்றாட்களை ஒவ்வொருவராக வெளியே எடுத்து உண்மையான கணுவைப் பொருத்தினால் போதும். பூட்ஸ்ட்ராப் வேலையை ஒருங்கிணைக்கப் போகும் ஒருவருக்கு ஒரே ஒரு யோசனைதான் சொல்லலாம் என்றால், நான் இதைத்தான் சொல்வேன்.

இதில் ஒரு கண்ணி உண்டு. மாற்றாள் அளவுக்கு மீறித் திறமைசாலி. நவீன கம்பைலர் எதையும் ஏற்றுக்கொள்ளும். சிறிய கம்பைலருக்கு சி மொழியின் ஒரு பகுதிதான் தெரியும். நூலகக்காரர் இயங்குதளத்தின் மையமான கெர்னலை அழைக்க, சி நிரலுக்குள்ளேயே செயலியின் கட்டளைகளை எழுதும் இன்லைன் அசெம்பிளியைத் தாராளமாகப் பயன்படுத்தியிருந்தார். சிறிய கம்பைலருக்கு அது தெரியவே தெரியாது. மூன்று வார வேலையில் ஒரு பகுதியைத் தனி அசெம்பிளி கோப்புகளாக மாற்றி எழுத வேண்டிவந்தது. அதன் பிறகு கணுக்களுக்கு இடையில் ஒப்பந்தம் ஒன்று எழுதினோம். ஒப்பந்தம் என்றால் வாக்கியங்களாக எழுதியது கிடையாது, சின்னச் சின்ன சி நிரல்கள்தான். பிட் ஃபீல்டு வேலை செய்யுமா, ஸ்ட்ரக்டை மதிப்பாக அனுப்பலாமா, மாறும் எண்ணிக்கையில் ஆர்க்யுமென்ட்டுகள் வருமா, 64 பிட் எண்ணை இடமாற்றினால் விடை சரியா, என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு. கீழே இருப்பவர் "இவை என் கம்பைலரில் ஓடும்" என்று உறுதி தருவார். மேலே இருப்பவர் அதற்குள்ளேயே நிற்பார். புதிதாக ஏதாவது தேவைப்பட்டால் முதலில் அதற்கான டெஸ்ட் கோப்பைக் கொடுத்துக் கேட்க வேண்டும்.

இந்த ஒப்பந்தம் இருந்திருந்தால் முன்பே பிடிபட்டிருக்கும் ஒரு பிழையைச் சொல்கிறேன், ஏனென்றால் மற்றவர்களும் இதில் கட்டாயம் விழுவார்கள். சி மொழியில் ஓர் எழுத்தை வைக்கும் வகை சார். எக்ஸ்86-இல் வெறும் சார் என்பது குறியுள்ள எண், அதாவது கழித்தல் மதிப்பும் ஏற்கும். ரிஸ்க்-ஃபைவில் அது குறியற்றது. கோப்பிலிருந்து எழுத்துகளைப் படிக்கும் பழைய நிரல் ஒன்று, படித்ததை சார் மாறியில் வைத்து, அது கோப்பு முடிவைக் குறிக்கும் கழித்தல் ஒன்றா என்று ஒப்பிட்டது. குறியற்ற மாறி ஒருநாளும் கழித்தல் ஒன்றாகாது. பில்ட், அதாவது நிரலைக் கட்டும் ஓட்டம், விடிய விடிய ஓடிக்கொண்டிருந்தது. வேகம் போதவில்லை என்று நினைத்து நாங்களும் விடிய விடியக் காத்திருந்தோம்.

எங்களை உண்மையில் உலுக்கியது அதற்குப் பிறகு வந்தது. மாற்றாட்களை வெளியே எடுத்து முதல் முறையாக எல்லாக் கணுக்களையும் இணைத்தோம். சிறிய கம்பைலர் கட்டிய பழைய ஜிசிசி உயிரோடு எழுந்து பத்து வரி நிரலைச் சரியாகக் கம்பைல் செய்தது. கொஞ்சம் பெரிய நிரலைக் கொடுத்ததும் விழுந்தது.

குற்றவாளி யார்? பின்னோக்கி எடுத்துவந்த ஜிசிசி நிரலில் பிழையா? அதைக் கம்பைல் செய்த சிறிய கம்பைலர் தவறான கட்டளைகளை உருவாக்கியதா? நூலகம் நினைவகத்தைக் கெடுத்ததா? மூன்றுக்கும் மூன்று பேர் பொறுப்பு. ஒவ்வொருவரும் தம் பகுதியைச் சோதித்துவிட்டு, பிழை அடுத்தவர் பகுதியில் என்று ஆதாரத்தோடு எழுதினார்கள். ஆதாரங்கள் எல்லாம் சரியானவை, அதுதான் கொடுமை. மாற்றாளோடு சேர்த்தபோது ஒவ்வொருவர் பகுதியும் பிழையில்லாமல் ஓடியது.

வழி காட்டியவர் குழுவிலேயே குறைவாகப் பேசுபவர். ஜிசிசியின் ஆப்ஜெக்ட் கோப்புகளில் (தனித்தனியாகக் கம்பைல் ஆகும் துண்டுகளில்) பாதியை நவீன கிராஸ் கம்பைலரிலும் மீதியைச் சிறிய கம்பைலரிலும் கட்டி ஒன்றாக லிங்க் செய்தார். விழுந்தால் பிழை சிறிய கம்பைலர் கட்டிய பாதியில் இருக்கிறது. விழவில்லையென்றால் மற்றப் பாதியில். திரும்பத் திரும்பப் பாதியாக்கிக்கொண்டே போனார். செயற்கூறுகளை அழைக்கும் முறை இரண்டு கம்பைலர்களிலும் ஒன்றாக இருந்தால்தான் இது நடக்கும் என்பதால், அதைச் சரிபார்க்கவே இரண்டு நாள் செலவிட்டார். கடைசியில் ஒரே கோப்பு மிஞ்சியது. ஜிசிசி கட்டப்படும்போது செயலியின் விவரிப்பிலிருந்து தானே உருவாக்கிக்கொள்ளும் கோப்பு அது. மனிதர் எழுதாத, மிகப் பெரிய செயற்கூறுகள் கொண்டது.

காரணம் இதுதான். ரிஸ்க்-ஃபைவில் நிபந்தனைத் தாவல் கட்டளை இருக்கும் இடத்திலிருந்து முன்னும் பின்னும் சுமார் 4 கிலோபைட் தூரம்தான் போகும். அதற்கு மேல் போக, நிபந்தனையைத் தலைகீழாக்கி, பக்கத்தில் 1 மெகாபைட் வரை போகும் நீளத் தாவலை வைக்க வேண்டும். எங்கள் சிறிய கம்பைலர் முதலில் எல்லா இடத்திலும் அந்த இரட்டைக் கட்டளையைத்தான் வைத்தது. நடுவில் ஒருவர், வெளியீடு சிறிதாகட்டும் என்று அதை ஒற்றைத் தாவலாக மாற்றி பேட்ச் அனுப்பினார். தூரத்தைச் சோதிக்கவில்லை. சாதாரண நிரல்களில் அந்தத் தூரம் வராது. அந்த ராட்சதக் கோப்பில் வந்தது, தாவல் எங்கோ போய் விழுந்தது. பேட்ச்சைப் படித்து ஏற்றுக்கொண்டது நான்தான். ஒரு மணி நேரம் ஓடிவிட்டு அழிக்கப்படப்போகும் ஒரு கணுவின் வெளியீடு சிறிதாக இருந்து யாருக்கு என்ன பயன் என்று அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டும். அதன் பிறகு நடுக் கணுக்களில் வேகத்துக்காகவோ அளவுக்காகவோ வரும் எந்த மாற்றத்தையும் நாங்கள் ஏற்கவில்லை. இந்த நிரல்கள் படிக்கப்படுவதற்காக இருப்பவை.

இந்தத் தேடலில் பதினொரு நாள் போயிற்று. பிறகுதான் பணத்தைப் பற்றிய கேள்வி வந்தது.

திறமூல வேலைகளுக்கு நிதி கொடுக்கும் அமைப்புகள் பல, முடிந்த மைல்கல்லுக்குத்தான் பணம் தருகின்றன. மெஸ் முதலிய பூட்ஸ்ட்ராப் வேலைகளுக்கு உதவியிருக்கும் நெதர்லாந்தின் என்எல்நெட் அறக்கட்டளையும் அப்படித்தான். எங்கள் நிதியும் அதே முறையில் வந்தது. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. வேலை முடிந்ததா என்பதற்கு நிரல்தான் சாட்சி. ஆனால் மைல்கற்களை எழுதியது நாங்கள். எல்லாவற்றையும் "இன்ன கணு முடிந்தது" என்றே எழுதியிருந்தோம். அந்தப் பதினொரு நாள் எந்தக் கணுவைச் சேர்ந்தது? எதையும் சேராது. பிழையைக் கண்டுபிடித்தவர் ஒரு வரி நிரலும் எழுதவில்லை, திருத்தம் எழுதியவர் இன்னொருவர். எங்கள் பங்கீட்டின்படி கண்டுபிடித்தவருக்கு ஒன்றும் இல்லை. அவர் கேட்கவும் இல்லை. கேட்காதவருக்குக் கொடுக்காமல் விடுவது எனக்கு இன்னும் பெரிய அநியாயமாகத் தெரிந்தது.

ஐந்து பேரும் பேசி, மீதமிருந்த மைல்கற்களைத் திருத்தித் தரும்படி நிதி அமைப்பிடம் கேட்டோம். "இணைப்பும் பிழைதேடலும்" என்று தனி மைல்கல், அதற்குத் தனித் தொகை. அதன் விளைபொருளையும் தெளிவாக எழுதினோம்: பிடித்த ஒவ்வொரு பிழைக்கும் அதைத் தனியாக எழுப்பிக் காட்டும் சிறு டெஸ்ட், எப்படித் தேடினோம் என்ற குறிப்பு. காரணத்தை விளக்கியதும் ஒப்புக்கொண்டார்கள். அந்தத் தொகையை மட்டும் நிரல் வரிகளைப் பார்க்காமல், செலவிட்ட நாட்களைப் பார்த்துப் பிரித்தோம். ரிவ்யூ செய்த நாட்களும் அதில் உண்டு. இப்போது யாராவது மைல்கல் எழுதக் கேட்டால், மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கை இணைப்புக்கு ஒதுக்குங்கள் என்கிறேன். அதிகம் என்று நினைப்பார்கள். கணுக்களைச் சேர்க்கும்போது தெரியும்.

குழுவுக்குள் நடந்த மிக நீளமான சண்டை, மூலநிரல் என்றால் என்ன என்பதைப் பற்றியது. பழைய ஜிசிசி தொகுப்போடு சில கோப்புகள் ஏற்கெனவே உருவாக்கப்பட்டே வருகின்றன. பைசன் என்ற கருவி உருவாக்கிய பார்சர் (நிரலின் இலக்கணத்தைப் பிரித்தறியும் பகுதி), ஆட்டோகான்ஃப் என்ற கருவி உருவாக்கிய கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் (கணினிக்கு ஏற்ப பில்டை அமைக்கும் நிரல்) போன்றவை. எழுத்துவடிவில் இருந்தாலும் அவற்றை மனிதர் எழுதவில்லை. "இவற்றை அப்படியே எடுத்துக்கொண்டால் நாம் செய்வது பூட்ஸ்ட்ராப்பே கிடையாது" என்றார் ஒருவர். "இவற்றையும் அடியிலிருந்து உருவாக்கப் போனால் இரண்டு வருடத்திலும் முடியாது" என்றார் இன்னொருவர். இருவரும் சொன்னது சரி. இரண்டு வாரம் இழுத்தது. கடைசியில் விதிவிலக்குப் பதிவேடு ஒன்று வைத்தோம். உருவாக்கப்பட்ட கோப்பு ஒவ்வொன்றின் பெயர், அதை உருவாக்கிய கருவி, இப்போதைக்கு ஏன் ஏற்கிறோம், யார் அதை நீக்கப் போகிறார். ஒளிக்காமல் எழுதிவைத்ததும் சண்டை நின்றது. பிறகு 2024 மார்ச்சில் எக்ஸ்இஸட் என்ற கோப்புச் சுருக்கக் கருவியில் வைக்கப்பட்ட பின்வாசல் வெளியே வந்தபோது, அந்தப் பதிவேட்டை மறுபடி திறந்து பார்த்தோம். அங்கே வெளியீட்டுத் தொகுப்பில் பில்ட் ஸ்கிரிப்ட்டுக்கான எம்4 கோப்பு ஒன்று நுழைந்திருந்தது. எல்லோரும் பார்க்கும் கிட் மூலநிரல் களஞ்சியத்தில் அது கிடையாது. யாரும் படிக்காத இடத்தில்தான் நுழைந்திருக்கிறார்கள். கறாராக நின்ற நண்பருக்கு அன்று நான் எழுதிய கடிதத்தில் மன்னிப்பும் நன்றியும் இருந்தன. கான்ஃபிகர் ஸ்கிரிப்ட்டுகளை எங்கள் கையால் எழுதிய சிறிய மேக்ஃபைல்களால் (கட்டும் படிகளைச் சொல்லும் கோப்புகளால்) மாற்றும் வேலை பட்டியலின் மேலே ஏறியது.

பேட்ச்சுகள் எங்கே வாழ வேண்டும் என்பதையும் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். நாங்கள் தாமதித்தோம். உயிரோடு இருக்கும் திட்டங்களுக்கு மாற்றங்களை நேராக அனுப்பலாம். டைனிசிசியில் யார் வேண்டுமானாலும் கமிட் சேர்க்கக்கூடிய திறந்த கிளையே இருக்கிறது. திறந்திருக்கிறது என்பதற்காகச் சொல்லாமல் தள்ளக் கூடாது, முதலில் பேசிவிட்டுச் சேர்ப்பதுதான் முறை. ஆனால் ஜிசிசியின் பழைய கிளைகள் மூடப்பட்டு வருடங்கள் ஆகின்றன. அங்கே வெளியீடு வராது, மாற்றமும் ஏற்கப்படாது. அதற்கான பேட்ச்சுகளை நாங்களே காக்க வேண்டும். ஒவ்வொரு பேட்ச்சின் தலையிலும் மூன்று தகவல்களைக் கட்டாயமாக்கினோம்: எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தது, எதற்காக, எப்போது தேவைப்படாமல் போகும். உரிமத்தையும் பாருங்கள். டைனிசிசியின் உரிமம் எல்ஜிபிஎல், மெஸ்ஸின் உரிமம் ஜிபிஎல் 3, இரண்டின் நிபந்தனைகளும் ஒன்றல்ல. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நிரலை நகலெடுக்கும் கை ஒரு கணம் நிற்க வேண்டும்.

இன்னும் இரண்டு விஷயங்களைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். கணினியை மென்பொருளாலேயே போலச் செய்யும் எமுலேட்டரை மட்டும் நம்பாதீர்கள். உண்மையான ரிஸ்க்-ஃபைவ் கணினிப் பலகை ஒன்றை முதல் மாதத்திலேயே வாங்கி, எல்லோரும் உள்நுழையும்படி வையுங்கள். கியூஎமு என்ற எமுலேட்டரில் இயல்பாக ஓடிய பில்ட் ஒன்று எங்கள் பலகையில் நகரவே மாட்டேன் என்றது. சீர்மை தப்பிய முகவரிகளில் நினைவகத்தைத் தொடும் ஒவ்வொரு முறையும் அந்தச் செயலி அடிநிலை மென்பொருளான ஃபர்ம்வேரிடம் போய்த் திரும்பியதுதான் காரணம். இரண்டாவது, இருவர் கணினியில் ஒரே ஹேஷ் (கோப்பின் கைரேகை போன்ற எண்) வருகிறதா என்ற சோதனையைக் கடைசிக்கு ஒத்திப்போடாதீர்கள். நேர முத்திரைகளும் கோப்புகளை வரிசைப்படுத்தும் முறையும் ஆளுக்கு ஆள் வேறுபட்டு, இல்லாத பிழைகளைத் தேட வைக்கும்.

வாராந்திரக் கூட்டத்தை இரண்டாம் மாதமே கைவிட்டோம். யாராவது ஒருவருக்கு எப்போதும் நள்ளிரவாக இருந்தது. அதற்குப் பதில் ஆளுக்கொரு வாரக் குறிப்பு. அதில் ஒரு பத்தி கட்டாயம்: இந்த வாரம் முயன்று பலிக்காமல் போனது. முதலில் யாரும் எழுதவில்லை. காசு வாங்கிக்கொண்டு தோல்வியை எப்படி எழுதுவது என்ற கூச்சம். நான் என்னுடையதை எழுதத் தொடங்கினேன், மெல்ல மற்றவர்களும் எழுதினார்கள். ஏழாம் மாதம் நூலகக்காரர் குடும்பச் சூழலால் விலக வேண்டிவந்தது. கண்ணியமாக, மனம் நொந்து விலகினார். அவர் இடத்துக்கு வந்தவர் நிரலைப் பார்ப்பதற்கு முன் அந்தப் பலிக்காதவற்றின் பட்டியலைத்தான் படித்தார். நான்காம் நாளே வேலையைத் தொடங்கிவிட்டார். விலகியவருக்கு அவர் வேலையின் பங்கைக் கொடுத்தோம். வாரக் குறிப்புகளுக்கும் சேர்த்தே கணக்கிட்டோம். அதை அவர் எதிர்பார்க்கவில்லை என்று எழுதியிருந்தார்.

கடைசி மைல்கல்லுக்கு நானே ஒரு நிபந்தனை வைத்திருந்தேன்: குழுவில் இல்லாத ஒருவர், எங்களிடம் எதுவும் கேட்காமல், எங்கள் குறிப்பை மட்டும் வைத்து எங்கள் பகுதியை முதலிலிருந்து கட்டிப் பார்க்க வேண்டும். ஒருவர் முன்வந்தார். அனைத்தும் தயார் என்று நாங்கள் நம்பிய குறிப்பில் அவர் மூன்றாம் படியிலேயே நின்றார். ஐந்து பேரின் கணினியிலும் முதல் வாரத்தில் உருவாக்கி மறந்துபோன ஒரு அடைவு அவருடைய கணினியில் இல்லை. அடைவை உருவாக்கும் வரியைச் சேர்த்து அனுப்பினேன். அவர் மறுபடி முதல் படியிலிருந்து தொடங்கினார். அடுத்து ஒன்பதாம் படியில் நின்றார். அங்கே இரண்டு வரி சேர்த்தோம்.